பார்க்காமல் விற்க மாட்டேன் என்ற ரிஜெக்ட் அண்ணன்

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ‘ஓரத்துல பிசிறு கீதே’ என்று திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ரிஜெக்ட் அண்ணன்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி வெளியே போகாது. சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் அவர் அளவுகோல் வைத்திருப்பார். மெதுவடையில் ஓட்டை நடுவில் இல்லை என்று எங்கள் மண்ணூர்பேட்டை டீக்கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தன் கல்யாணப் பத்திரிகையின் பார்டர் ஒரு நூல் சாய்ந்திருப்பதாக மறுபடி அச்சடிக்கக் கொடுத்தாராம். அது வந்து சேர்வதற்குள் கல்யாணமே முடிந்து மறுவீடும் போய்வந்தாயிற்று என்று அவர் மனைவி பூங்கொடி அக்கா இன்றைக்கும் சொல்வார்.

நான் நாகர்கோவில்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, அவர் குடியிருந்த அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியேறியவன். அந்தப் பாவத்தால்தான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

போல்ட் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அந்த மனையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் வந்து அண்ணனுக்கு அங்கேயே வேலை தருவதாகச் சொல்லி, ஒரு மாதம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். வேலையை அண்ணன் குறைத்துப் பேசவில்லை. அவருக்கு வேறு கஷ்டம்.

“நான் பாஸ் பண்ணாதான் நைனா அந்த கேட்டே தொறக்கும். இப்ப அதே கேட்டாண்ட நின்னுகினு, எவன் இன்னா எட்த்துகினு போறான்னு பாக்காம சல்யூட் அடிக்கணுமாம்,” என்றார். ஒரு மாதத்துக்குள் சொந்தத் தொழில் ஏதாவது காலூன்றாவிட்டால் யூனிஃபார்ம்தான்.

ஆன்லைன் வியாபாரத்தைப் பற்றி அவருக்கு யாரோ ஓதியிருந்தார்கள். எனக்கும் உபதேசம் செய்ய ஆள் கிடைத்தால் விடமாட்டேன். இரண்டு வழி இருக்கிறது அண்ணே என்று ஆரம்பித்தேன். ஒன்று டிராப்ஷிப்பிங்: இணையத்தில் நாம் கடை போடுவோம், ஆர்டர் வந்தால் எங்கோ இருக்கிற மொத்த வியாபாரி நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். இன்னொன்று பிரிண்ட் ஆன் டிமாண்ட்: படம் நம்முடையது, ஆர்டர் வந்த பிறகுதான் டீ-ஷர்ட்டில் அச்சடிப்பார்கள். முதலாவதுதான் சுலபம், சரக்கை நாம் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம் என்று முடித்தேன். பெரியவர்கள் முன்னால் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஆனாலும் தலையாட்டினார்.

ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கடை திறந்தோம். ஒரே வாரத்தில் பதினோரு ஆர்டர். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆபீஸ் போய்வந்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தால் எங்கள் கட்டட வாசலில் பதினோரு பார்சல். வாடிக்கையாளர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மனுஷன் தன் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். பாட்டில்களில் தண்ணீர் ரொப்பி, செய்தித்தாள் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, அண்ணன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு பாட்டில் ரிஜெக்ட். வாங்கியவர்களுக்கு அவரே போன் போட்டு, உங்க பாட்டில் ஒழுகுது, தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கோயம்புத்தூர் அம்மா, பரவாயில்லை, அனுப்புங்கள், பூச்செடி வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் மசியவில்லை. அந்த மொத்த வியாபாரி இரண்டே வாரத்தில் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்த ஒரு மாதத்தில் பாதி போய்விட்டதே. சரி, டீ-ஷர்ட்டாவது போடுங்கள் என்றேன். உள்ளூரிலேயே அச்சடிக்கும் யூனிட் ஒன்று இருந்தது. ரேவதி என்ற பெண்மணி நடத்தினார். ஊரில் ஆன்லைன் கடை வைத்திருக்கிற பல பேருக்கு அவர்தான் அச்சடித்து அனுப்புவார். நடந்துபோகிற தூரம் என்றதும் அண்ணன் முகம் மலர்ந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் ஆர்டருக்கே ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தன் பத்து டீ-ஷர்ட்டில் ஒன்பதைத் தானே ரிஜெக்ட் செய்தார். அதோடு நின்றாரா? பக்கத்தில் அடுக்கியிருந்த மற்ற கடைக்காரர்களின் சரக்கையும் எடுத்து இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, தேறாததை ஒரு மூலையில் குவித்துவிட்டார். மூன்றாம் நாள் ரேவதி எனக்குப் போன் செய்து, உங்கள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, நான் யூனிட்டை மூடட்டுமா என்று கேட்டார். கூட்டிவந்தேன். எங்கள் கடைக்கும் அன்றே பூட்டு. அண்ணன் சட்டைப்பையிலிருந்த அளவுகோலை எடுத்து அலமாரியில் வைத்தார்.

பத்து நாள் கழித்து ரேவதியே படியேறி வந்தார். வாராவாரம் அவருக்கு ஒரு மூட்டை சரக்கு திரும்பி வருமாம்: சாயம் போச்சு, எழுத்து உரிஞ்சுது என்று. அண்ணன் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளில் போன பார்சல்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடைக்காரர்கள், அந்தப் பெரியவர் பார்த்த சரக்கா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

“அண்ணே, நீங்க ஓகே சொல்லாம என் யூனிட்லேருந்து ஒரு சட்டை வெளிய போவாது. வர்றீங்களா?” என்றார்.

“மிஷினாண்ட வெளிச்சம் பத்தல. ஒரு டியூப்லைட் போட்டா வர்றேன்மா,” என்றார் அண்ணன். பூங்கொடி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

தவணை முடிந்த அன்று சூப்பர்வைசர் யூனிஃபார்ம் துணியோடு வந்தார். நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன், வெட்கமில்லாமல். அண்ணன் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். “எனக்கு வேல கீது சார்,” என்றார். பிறகு, தன்னோடு போல்ட் கம்பெனியில் பேக்கிங் பார்த்தவர் ஒருவர் பின் தெருவில் வேலையில்லாமல் இருக்கிறார், அவருக்குக் கொடுங்கள் என்று பெயர் சொன்னார். ஆள் எப்படி என்று கேட்டதற்கு, “தங்கமான மன்சன் சார். கண்ண மூடிகினு எட்த்துக்கலாம்,” என்றார். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்த சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார். எனக்கும் அவருக்கும் ஊர் வேறு, சாதிசனம் வேறு. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: “அவர் தம்பி.”