கம்பவுண்டர் வீட்டு வெந்நீர்

தவலைக்குள் கையை விட்ட லூர்துராஜ், சுரீரென்று சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தண்ணீர் நல்ல சூடு. ஆனால் அவன் இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

குனிந்து பார்த்தான். அடுப்பில் பழைய சாம்பல் கலையாமல் கிடந்தது. கொண்டுவந்த விறகு கக்கத்திலேயே இருந்தது. தீப்பெட்டியும் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

பொழுது விடிகிற நேரம். கொல்லை முழுக்க மார்கழிப் பனி. கிணறும் தெரியவில்லை, அதற்கப்பாலிருந்த கிளுவை வேலியும் தெரியவில்லை. தவலையிலிருந்து எழுந்த ஆவி மட்டும் பனியோடு கலந்து, யாரோ முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதைப்போல நின்றது.

கார்த்திகைக் கடைசியில்தான் அவன் அரியலூருக்கு மாற்றலாகி வந்திருந்தான். தனிக்கட்டை. வந்த வாரமே சளி பிடித்துக்கொண்டது; நேற்று ராத்திரி முழுக்க இருமல். வரதராசன்பேட்டையிலிருந்து அக்கா சாந்தி மேரி இன்லண்டு லெட்டரில் இண்டு இடுக்கு விடாமல் எழுதியிருந்தாள். 'பச்சைத்தண்ணியில் குளிக்காதே. நொச்சித்தழை போட்டு வேது பிடி. மிளகு காய்ச்சின நல்லெண்ணெய் உச்சந்தலைக்கு வை. சுக்குக் காப்பி குடி. காதை மூடு.' அந்த லெட்டருக்குக் கட்டுப்பட்டுத்தான் இன்று அடுப்பு மூட்ட வந்தான்.

வீட்டுக்காரர் வேலைதான் இது என்று முடிவுகட்டி, சுகமாகக் குளித்துவிட்டு நன்றி சொல்லப் போனான். அய்யம்பெருமாள் பக்கத்து வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வெந்நி வச்சதுக்கு ரொம்ப நன்றி அண்ணே."

"நான் வைக்கலியே தம்பி."

"அண்ணி வச்சிருப்பாங்க."

"ராசாத்தியா? அவ இன்னும் எழுந்திருக்கவே இல்ல."

அய்யம்பெருமாள் வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உங்களுக்கு முன்னாடி அந்த வூட்டுல ஒரு கம்பவுண்டர் இருந்தாரு. இராமலிங்கம்னு பேரு. உடம்ப அப்படிப் பாத்துக்குவாரு. மார்கழி பொறந்துட்டா வெந்நி இல்லாம மூஞ்சிகூடக் கழுவ மாட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"போயிட்டாரு."

"எந்த ஊருக்கு மாத்தல்?"

அய்யம்பெருமாள் வேப்பங்குச்சியால் வானத்தைக் காட்டினார்.

லூர்துராஜுக்குக் குளித்த சூடெல்லாம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. "எப்ப?" என்று கேட்டான்.

"மூணு வருசமாச்சு. இதே மார்கழிதான். நெஞ்சுச்சளி. அப்புறம் யாரும் குடி வரல, பூட்டியேதான் கெடந்துச்சு. நீங்க படிச்சவரு, இதையெல்லாம் நம்பமாட்டீங்கன்னுதான் சொல்லாம வுட்டுட்டேன்."

மறுநாளும் தவலையில் வெந்நீர் இருந்தது. லூர்துராஜ் அதைத் தொடவில்லை. தவலையோடு தூக்கிப் போய் வாழைக்கு அடியில் கொட்டினான். கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். அன்று சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டி, இருமல் முற்றிவிட்டது. சாதாரண இருமல் இல்லை. ஆபீஸில் மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவர்கூடப் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற இருமல்.

மூன்றாம் நாள் வெந்நீரோடு ஒரு கொத்து நொச்சித்தழையும் இருந்தது.

அக்கா எழுதின அதே நொச்சி. செத்துப்போன கம்பவுண்டர் தன் இன்லண்டு லெட்டரைப் படிக்கிறாரோ என்று அவனுக்குத் தோன்றியது. லெட்டரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். ஏலாக்குறிச்சி மாதா கோயிலிலிருந்து அக்கா வாங்கிக் கொடுத்திருந்த தீர்த்தத்தைக் கொல்லை முழுக்கத் தெளித்தான். சில்லிட்ட சிமெண்டுத் தரையில் ஒரு மணி நேரம் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னான். எழுந்தபோது மூட்டு பிடித்துக்கொண்டு, இருமல் இரண்டு மடங்காகியிருந்தது.

நான்காம் நாள் வெந்நீர், நொச்சி, கூடவே ஒரு கிண்ணத்தில் மிளகு போட்டுக் காய்ச்சின எண்ணெய். இன்னும் சூடு ஆறவில்லை.

ஐந்தாம் நாள், கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவன் விடியுமுன்பே எழுந்து பின்கதவுச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றான். வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் தவலையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிற சத்தம். தாழ்ப்பாளை எடுக்கக் கையைத் தூக்கினான். கை வரமாட்டேன் என்றது. அடக்கி வைத்திருந்த இருமல் அந்த நேரம் பார்த்துப் பீறிட்டு வந்தது. வெளியே சத்தம் நின்றது. பிறகு யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

"சார், இது தீர்த்தத்துக்கெல்லாம் கட்டுப்படாது" என்றான் ஆபீஸ் பியூன் சின்னதுரை. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் சிறுவாச்சூர் போறேன். காளியாத்தா காலடியில வச்ச எலுமிச்சம்பழம் ஒண்ணு கொண்டாந்து தரேன். பின்வாசல்ல கட்டுங்க. தாண்டி வரட்டும் பாப்போம்!"

"நான் வேதக்காரன்யா."

"பேய்க்கு அது தெரியுமா சார்?"

கேள்வி நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லூர்துராஜ் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழத்தைப் பின்வாசல் நிலையில் கட்டினான்.

ஏழாம் நாள் காலையில் பழத்தைக் காணோம். வெறும் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. வாசற்படியில் ஒரு டம்ளர் இருந்தது. மோந்து பார்த்தான். வெந்நீரில் தேன் கலந்து எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தது.

சின்னதுரை அதைக் கேட்டுவிட்டு, "இது பெரிய கை சார். மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எட்டாம் நாள் லூர்துராஜால் மூச்சே விட முடியவில்லை. நெஞ்சில் அம்மியை வைத்ததுபோலிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே மார்கழியில் இதே வீட்டில் இதே நெஞ்சுச்சளியில் ஒருவர் போயிருக்கிறார். தானும் அந்த வழியே போகப்போகிறோமா? கம்பவுண்டர் துணைக்குத்தான் கூப்பிடுகிறாரா? நினைக்க நினைக்க வியர்த்தது. ஆனால் வேர்வை வந்தும் சளி இளகவில்லை.

பேயோ பிசாசோ, நொச்சி நொச்சிதானே என்று துணிந்துவிட்டான். இருட்டு பிரிவதற்குள்ளேயே தானே அடுப்பு மூட்டிப் பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சேர்ந்து கிடந்த நொச்சித்தழையை எல்லாம் அதில் போட்டான். கொல்லையில் பானைக்கு முன் உட்கார்ந்து, வெள்ளைப் போர்வையைத் தலையோடு கால் இழுத்து மூடிக்கொண்டு வேது பிடித்தான். நொச்சி மணம் நெஞ்சுக்குள் இறங்கியது. இருமினான். பானை அதிர்கிற மாதிரி இருமினான்.

வேலிப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

சத்தம் கிட்டே வந்தது. தவலையில் தண்ணீர் விழுந்தது. லூர்துராஜ் போர்வைக்குள் உறைந்துபோனான். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்த வாய் அதற்கு மேல் ஓடவில்லை. போர்வையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். எதிரே ஒரு வெள்ளைப் புடவையின் கரை தெரிந்தது. அதற்குக் கீழே பனிதான் இருந்தது. கால் இல்லை.

"இப்பத் தேவலாமாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் குரல்.

பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் லூர்துராஜ் கட்டின தொண்டையோடு சொன்னான்: "தே... தேவலாம்."

எதிரே தொப்பென்று ஏதோ விழுந்தது. ஒரு குடம் உருண்டு ஓடியது.

அவன் போட்ட கூச்சலில் அய்யம்பெருமாளும் ராசாத்தியும் அரிக்கேன் விளக்கோடு ஓடிவந்தார்கள். கிணற்றடியில் ஒரு அம்மாள் மயங்கிக் கிடந்தாள்.

"அடியாத்தி! நம்ம கம்பவுண்டர் சம்சாரம் குஞ்சம்மால்ல இது!" என்றாள் ராசாத்தி. "அவரு போனதுலேருந்து வேலிக்கு அந்தாண்டத் தெருவுலதானே குடியிருக்கு. ஐப்பசியில மவ வூட்டுக்கு ஜெயங்கொண்டம் போச்சு, எப்பத் திரும்பி வந்துச்சுன்னே தெரியலியே!"

முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். குஞ்சம்மாள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். போர்வையும் கையுமாக நடுங்கிக்கொண்டிருந்த லூர்துராஜின் பாதங்களை முதலில் பார்த்தாள். பிறகு மெதுவாக முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு மறுபடி இருமல் வந்தது. அவன் இருமி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அப்போ... எட்டு நாளா இங்கன இருமுனது எங்க வூட்டுக்காரரு இல்லியா?"