எந்த எஸ். அந்தோணிசாமி?

என் இளமையில் இணையம் இல்லாமல் போனது உலகத்துக்கு நல்லது. வெறும் டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டே நான் அடித்த கூத்து போதும்.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, குவீன்ஸ்டவுனில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. (ஆபீசில் ‘ஃபைல் எங்கே லா?’ என்பார்கள், ஊர் வழக்கப்படி ஒரு ‘லா’ ஒட்டி. அதுவே பெரிய உரையாடல்.) கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்காரர்களும் மலாக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். நல்ல நாளில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்பதை நினைத்தாலே அழுகை முட்டியது. அப்போதுதான், எனக்கு முன்பே இங்கே வந்துவிட்ட கல்லூரித் தோழன் எஸ். அந்தோணிசாமியின் நினைவு வந்தது.

டைரக்டரியைப் பிரித்தேன். இந்த ஊரில் இனிஷியல் கிடையாது, அப்பா பெயரை முழுசாகப் போட்டுவிடுகிறார்கள். சவரிமுத்து மகன் அந்தோணிசாமி, செபஸ்தியான் மகன் அந்தோணிசாமி, சூசை மகன் அந்தோணிசாமி. இதில் என் ஆள் யார்? விடுதியில் ஒரே அறையில் கிடந்தும் அவன் அப்பா பெயரைக் கேட்காத மடையன் நான். ‘டேய் எஸ்ஸு’ என்றே படிப்பை முடித்திருக்கிறேன். சரி, அப்படியே கூப்பிட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். (மூளை!)

சவரிமுத்து மகன் வீட்டில் ஓர் அம்மாள் எடுத்தார்.

“டேய் எஸ்ஸு! நான்தான்டா!”

“யார்யா நீ? எம் புருஷன டேய்ங்கற? போலீஸக் கூப்பிடவா?”

செபஸ்தியான் மகன் டொக்கென்று வைத்துவிட்டார்.

சூசை மகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கரகரவென்று, “டேய்… எங்கடா இருக்க? கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வாடா!” என்றார். நண்பனுக்கு ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்து நான் துள்ளிக் குதித்தேன்.

கேக்கும் கையுமாக, டைரக்டரியில் இருந்த விலாசத்தை வைத்து சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். எனக்கு உயிரே போய்விட்டது.

“மன்னிச்சிருங்க ஐயா… நான் தேடினது வேற அந்தோணிசாமி.”

“தெரியும்பா. போன்லயே தெரிஞ்சிடுச்சு.”

“அப்புறம் ஏன் வரச் சொன்னீங்க?”

“என்னை டேய்னு கூப்பிடறவங்க எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. இனிமே யார் கூப்பிடப் போறான்னு இருந்தேன். நீ கூப்பிட்டியா, போன வைக்க மனசு வரல. உள்ள வா லா, கறி ஆறுது.”

கோழிக்கறியில் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவர் எனக்கு எஸ்ஸுதான். ஐயா என்றால் கோபம் வந்துவிடும். என் கல்யாணத்தில், அந்த நரைத்த தலையைப் பார்த்து, “டேய் எஸ்ஸு, சாப்டியாடா?” என்று கேட்டுத் தொலைத்தேன். “பெரியவங்கள மதிக்கத் தெரியாதவனுக்கா பொண்ணக் குடுத்தோம்!” என்று மாமியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. எனக்கும் இப்போது கிட்டத்தட்ட அந்த வயது. என் கூட்டாளிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் என் மகள் கிறிஸ்துமஸ் காலையில் போன் செய்து, “டேய் அப்பா! சாப்டியாடா?” என்கிறாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டு, “எங்கம்மா அன்னைக்கே சொன்னாங்க” என்கிறாள்.