ஐம்பது தோட்டாவுக்கும் பொட்டு

தில்லியில் வேலை பார்ப்பவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. லோதி ரோடு ஆபீஸில் ஃபைலுக்கு நாடா கட்டுகிற குமாஸ்தாவாகவே இருந்தாலும், மந்திரிகள் இவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று ஊர் நம்பும். நம்பிவிட்டுப் போகட்டும், நஷ்டமில்லை. அவனே அதை நம்ப ஆரம்பித்தால்தான் சனி பிடிக்கும். எனக்குத் தொண்ணூறுகளின் நடுவில் பிடித்தது.

அப்போது முனிர்காவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். எங்கள் ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்த மாலதியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்திருந்தோம். முடிவை அறிவிக்க வேண்டியவர் அவள் அப்பா. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, வேலூர்ப் பக்கம் இருந்தார். "அப்பா சரின்னு சொன்னாத்தான். அவரை மீறி நான் வரமாட்டேன்" என்று மாலதி கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் அந்த அப்பாவிடமிருந்து எனக்கே கடிதம் வந்தது. தில்லியில் முன்னாள் வீரர்களுக்குத் துப்பாக்கி சுடும் போட்டியாம். வருகிறாராம். அப்படியே என்னையும் பார்த்துவிடுவாராம். (ஒரே பயணத்தில் இரண்டு குறி!) கூடவே ஒரு சின்ன உதவி. அவருடைய ரைஃபிள் பழசு. அதற்கு ஏற்ற பாயிண்ட் டூ டூ தோட்டா அந்த வருஷம் எங்கேயும் கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு யானை விலை. தில்லியில் கட்டுபடியாகிற விலையில் ஒரு பெட்டி கிடைக்குமா என்று விசாரிக்க முடியுமா? லைசன்ஸின் ஜெராக்ஸ் ஒன்றும் உள்ளே இருந்தது.

"பெட்டி என்ன சார், மூட்டையே கிடைக்கும்" என்று பதில் எழுதினேன். அதுவரை நான் சுட்டது அப்பளம் மட்டும்.

குமாஸ்தா மூளை என்ன செய்யும்? ஜெராக்ஸை மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் அண்டர் செக்ரட்டரியிடம் அட்டஸ்டேஷன் வாங்கி, வட்ட முத்திரை குத்திக்கொண்டு காஷ்மீரி கேட் துப்பாக்கிக் கடைகளுக்குப் படையெடுத்தேன். முதல் கடைக்காரர் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பையா, இதைக் காட்டி ரேஷன் கடையில சக்கரை வாங்கு. இங்கே லைசன்ஸ்காரர் நேரில் வரணும், ஒரிஜினலோட."

"கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இருக்கே!"

"அச்சா? அப்போ அவரையே சுடச் சொல்லு."

இரண்டாம் கடையில் சரக்கே இல்லை. மூன்றாம் கடையில் இருந்த சரக்கின் விலையைக் கேட்டதும் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நாலாவது கடையில் ஒரு சர்தார்ஜி இருந்தார். மகராசன். பழைய விலையில் ஒரே ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா, அவரிடம் இருந்தது. என் கண்ணீரைப் பார்த்தோ, முத்திரையைப் பார்த்தோ, "உன் மாமனார் வரும்வரை எடுத்து வைக்கிறேன்" என்றார். மாமனார்! அந்த வார்த்தைக்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

சுபேதார் வந்து என் அறையிலேயே தங்கினார். ஒரிஜினல் லைசன்ஸோடு போய் அந்தப் பெட்டியை வாங்கினோம். "பரவாயில்லையே தம்பி, ஊர் ஊரா தேடினேன், நீதான் கண்டுபுடிச்ச" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டதாக எனக்கு நினைப்பு. மீதிப் பாதியையும் முடித்துவிடலாம் என்று கிளம்பியதுதான் வினை.

போட்டிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. சுபேதார் ரைஃபிளைப் பூட்டி வைத்துவிட்டு, தோட்டாப் பெட்டியை மட்டும் என் அறைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, "நல்லபடியா முடியணும்" என்று கும்பிட்டார். பிறகு கோயிலுக்குப் போனார். நான் சந்தனம் குழைத்தேன். சைக்கிளுக்குப் பொட்டு, அயர்ன் பாக்ஸுக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு. அசல் ஆயுதம் சும்மா இருக்கலாமா? பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைத்திருந்தால் இன்று இந்தக் கட்டுரை இல்லை. பெட்டியைத் திறந்தேன். ஐம்பதையும் வெளியே எடுத்து வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒன்றை விட்டால் அது குறி தப்பிவிடுமோ என்று பயம் வேறு! பிறகு சமர்த்தாகப் பெட்டிக்குள் அடுக்கி மூடினேன். பெரியவருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, நகரத்து எல்லையில் இருந்த சுடுதளம். மாலதி ஃபிளாஸ்கில் காபியோடு வந்திருந்தாள். சுபேதார் பாயில் குப்புறப் படுத்து, பெட்டியைத் திறந்தார். மாலை மாற்றப் போகிற ஐம்பது மாப்பிள்ளைகள் உள்ளே நின்றார்கள். ராத்திரி முழுக்கக் காய்ந்து சந்தனம் சிமெண்டாகியிருந்தது.

"இன்னாப்பா இது?"

"ஆயுத பூஜை சார்."

அவர் ஒரு தோட்டாவை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது. குங்குமமோ, தோட்டாவின் மெழுகுப் பூச்சில் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முதல் தோட்டா பாதி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. சிவப்புக் கொடி ஆட்டிக்கொண்டு அதிகாரி ஓடிவந்தார். அதை எடுப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. நான் பக்கத்துப் பாய்களுக்கு ஓடி, "பாயி சாப், ஏக் டிப்பா" என்று ஒரு பெட்டி பிச்சை கேட்டேன். பஞ்ச காலத்தில் யார் தருவார்கள்? எல்லோரும் தங்கள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். கடைசியில் சுபேதார் ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சுரண்டி ஒன்பது குண்டு சுட்டார். பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இது யார் வேலை என்று அதிகாரி கேட்டார், "யே கிஸ்னே கியா?" எலி மேல் பழி போட முடியாத காரியம். "நான்தான்" என்றேன்.

சுபேதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்பதுக்குமா?"

"அம்பதுக்கும் சார்."

"ஒன்னுகூட உடலையா?"

"உடலை சார். நடுவுல ஒன்னு கோணலா இருந்துச்சு, அழிச்சுட்டுத் திரும்ப வெச்சேன்."

மாலதி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் சிரிப்பு என்று தெரிந்தது. அவளைப் பார்த்து அவருக்கும் வாய் கோணியது. "இவ்ளோ பொறுமை பட்டாளத்துலகூட பாத்ததில்லம்மா. உன்ன வெச்சு காப்பாத்துவான். கத்தி, கத்திரிக்கோல் மட்டும் கைல குடுக்காத" என்றார். எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சம்மதம்!

தை மாதம் வேலூரில் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் மாலதி நெற்றியில் வைக்கக் குங்குமச் சிமிழை நீட்டினார்கள். விரலில் தொட்டு எடுத்தேன். பின்னாலிருந்து பரேடு மைதானத்துக் குரல் மண்டபம் அதிர வந்தது: "ஒன்னு போதும் மாப்ள!"

நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தில்லியில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் தகராறு, பாதிக்கு மேல் ஹிந்திதான். ஆனால் நான் சாம்பாரில் இரண்டாம் தடவை உப்புப் போட்டாலும், பூட்டிய கதவை மூன்றாம் தடவை இழுத்துப் பார்த்தாலும், அவளுக்குத் தமிழ் சுத்தமாக வரும்.

"ஒன்னு போதும் மாப்ள."