போர்க்களம் காட்டும் அத்தான்

கூடத்தில் டம்ளர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டதும், சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். போர் தொடங்கிவிட்டது.

எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் படைகளை நிறுத்திக்கொண்டிருந்தார். டம்ளர்கள் காலாட்படை, கரண்டிகள் குதிரைப்படை, உப்பு ஜாடி தளபதி. எதிரே, முந்தின நாள் ஊரிலிருந்து வந்து இறங்கிய அவள் தம்பி, தான் பாதி குடித்த காபியும் படையில் சேர்க்கப்பட்டுவிட்டதை வெறித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அவர் அத்தான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளிநாட்டில் குடியேறி, வீடும் வாங்கி, காரில் போகிற தூரத்தில் ஒரு பழைய போர்க்களமும் வாய்த்துவிட்டால் போதும், பூனை மாதிரி இருந்த மனிதர்கூடப் புலியாகிவிடுவார். புதுசாகக் கல்யாணமான ஜோடியோ, முழங்கால் வலிக்கிற பெரியவரோ, ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு எட்டிப் பார்த்த சிநேகிதரோ, யார் வந்தாலும் பெட்டியைத் திறக்குமுன் காரில் ஏற்றி, சீட் பெல்ட்டைத் தன் கையாலேயே மாட்டி, அந்த மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அவருக்கு உண்ட சோறு செரிக்கும். அங்கே என்ன இருக்கிறது? புல் இருக்கிறது. காற்று இருக்கிறது. ஒரு கல் இருக்கிறது.

அக்காவுக்கு அன்று வேறு கவலை. மனைவி இல்லாமல் தம்பி தனியாக வந்திருக்கிறான். யாரும் கேட்குமுன்பே, "அவளுக்கு லீவு கிடைக்கல" என்கிறான். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. இரண்டே நாள் லீவில் வந்தவன், சாயங்காலம் கிளம்பிவிடுவான். அதற்குள் தனியாக உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டும்.

"இன்னிக்கு வீட்லயே இருக்கட்டுமேங்க."

"மாப்ள இவ்வளவு தூரம் வந்து நம்ம சுவத்தையா பாக்கணும்?"

மேட்டில் காற்று ஆளைத் தள்ளியது. அத்தான் காலை அகட்டி நின்றுகொண்டார்.

"நாம இங்க இருந்தோம் மாப்ளே. அவங்க அந்தப் பள்ளத்துல. நாம ஒரு அடி விட்டுக்கொடுக்கல."

"நாம எப்ப அத்தான் இங்க வந்தோம்?"

"அது ஆச்சு முந்நூறு வருஷம்," என்றார், போன வருஷம்தான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்.

அவர் கல்லைப் பார்க்கப் போன சமயத்தில், தம்பி அக்காவை ஒட்டி வந்து நின்றான். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் அவளும்..."

"இங்கதான் மாப்ளே, இங்க வா. தளபதியோட குதிரை இங்கதான் விழுந்துச்சு." அத்தானின் குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தக் குதிரையின் பெயர் அவருக்குத் தெரியும், நிறம் தெரியும், எந்தக் காலில் அடிபட்டது என்பது தெரியும். பக்கத்தில் உயிரோடு நிற்கிறவன் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அக்கா இருவருக்கும் நடுவில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் எதிரிப்படை பின்வாங்கிய கதை. வீடு வந்தால், வாசலில் டாக்ஸி. எல்லாரும் உள்ளே போனதும் தம்பி பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"அடுத்த தடவை வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வா மாப்ளே. எதிரி நின்ன பள்ளத்தை இன்னும் காட்டல."

தம்பி அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அவ இனிமே வரமாட்டா அத்தான்."

"ஏன், நடக்கக் கஷ்டமா? பள்ளம் வரைக்கும் கார் போகும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போர்க்களம்தான் வேண்டுமென்றில்லை, நீங்கள் கட்டிய வீடு, உங்கள் பிள்ளை வாங்கிய மார்க்கு, உங்கள் வயிற்றில் நடந்த ஆபரேஷன், எதுவும் ஒரு மேடுதான். உங்களைத் தேடி வந்தவர்கள், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போனார்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "டேய்..." என்று செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு வந்தாள். அவன் அவள் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்து, விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். டாக்ஸி நகர்ந்தது.

"நல்ல பையன்தான். ஆனா சரித்திரத்துல ஒரு ஆர்வமும் இல்ல," என்றபடி அத்தான் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.