கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது எப்படி

மூன்று நாள் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய சாயங்காலம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதில்லை. தொட்டால் கேள்!

அவருக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் மேஜைத்துணி, டாக்டர் கோட்டு என்று நாளுக்கு ஆயிரம் உருப்படி வந்து போகும். அங்கே இஸ்திரிப் பகுதியில் பதினாறு வருஷமாக இவர் வைத்ததுதான் சட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. 'மடிப்பு' என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

கெட்டிக்காரர்தான். குறை ஒன்றே ஒன்று. புதிதாக யாராவது பெட்டியைக் கையில் எடுத்தால் போதும், மடிப்புக்கு விரல் நுனியெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது நிமிஷம், "அட, குடுப்பா இங்க!" என்று பிடுங்கிவிடுவார். வந்த ஆள் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பான். சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க யாருக்குக் கசக்கும்?

அதனால் பதினாறு வருஷமாக அதிகாலை நாலு மணி ஷிஃப்டை விட்டு மடிப்பு நகரவே முடியவில்லை. மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும். அவர் எழுந்திருப்பதற்கு முன் மனைவி எழுந்திருப்பாள், மகள் எழுந்திருப்பாள், எதிர்வீட்டு அக்காவும் எழுந்து சபிப்பாள். இப்போது ஒன்பது மணி ஷிஃப்டுக்கு மேற்பார்வையாளர் பதவி காலி. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உன்னை விட்டா ஆளில்ல. ஆனா உனக்கு வேலையை அடுத்தவன் கைக்கு மாத்தத் தெரியலையே! பயிற்சிக்குப் போயிட்டு வா. பயிற்சி குடுக்கிற அம்மா சரின்னு சொன்னா பதவி உனக்கு. இல்லன்னா வெளியாளைப் போட்டுடுவேன்."

பயிற்சி அம்மா நாலு படி சொல்லிக்கொடுத்தாள். சொல். செய்து காட்டு. செய்ய விடு. கையைக் கட்டிக்கொண்டு பார். கடைசி நாள் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "இங்க நல்லாத் தலையாட்டிட்டு, திரும்பிப் போனதும் பழைய குருடி கதவைத் திறடிதான், எனக்குத் தெரியும். முப்பது நாள் டைம். ஒரு வேலையை ஒருத்தருக்குக் கத்துக்குடுத்து, கத்துக்கிட்டவங்க கையால எழுதி வாங்கி வையுங்க. நானே நேர்ல வருவேன்" என்றாள்.

தாளை மடிப்பு பஸ்ஸில் முழுக்கப் படித்தார். கற்றுக்கொள்பவர் சலவைக்கூடத்து ஆளாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. அங்கேதான் மனிதருக்கு மூளை வேலை செய்தது. ஞாயிறு தவறாமல் வீட்டுத் துணி மொத்தத்தையும் தேய்த்து மாய்வது இவர்தானே? அதை மனைவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் கையெழுத்தும் கிடைக்கும், ஞாயிறும் கிடைக்கும்.

மனைவி தபால் ஆபீசில் கவுன்டர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பூர்த்தி செய்த படிவத்தில் பிழை கண்டுபிடிக்கிறவள். அவளிடம் போய்த் தாளை நீட்டினார் மடிப்பு.

"இதென்ன?"

"உனக்கு இஸ்திரி சொல்லித் தரப்போறேன். நீ கத்துக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். அது இல்லன்னா ஒன்பது மணி ஷிஃப்டு போச்சு."

"மூணு மணி அலாரம்?"

"ஆயுசுக்கும் அடிக்கும்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே மடிப்புக்கு அப்போதுதான் தெரியும்.

"கத்துக்கறேங்க. ஆனா முறைப்படி. இங்க பாருங்க, 'கற்றுக்கொள்பவர் புரிந்தது என்று தாமாகச் சொல்லும்வரை செய்து காட்ட வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது.'"

"காலர், கை, முதுகு! பத்து நிமிஷ சமாச்சாரம்டி இது."

"பாருங்க, அவசரப்படுத்தறீங்க."

முதல் நாள் ஒரு சட்டை தேய்த்துக் காட்டினார். "புரிஞ்சுதா?" "காலர் வரைக்கும் புரிஞ்சுது. கை வந்ததும் குழம்பிடுச்சு." இரண்டாம் நாள் இரண்டு சட்டை. "இப்ப?" "கை புரிஞ்சுது. காலர் மறந்துடுச்சுங்க." மூன்றாம் நாள் மகளின் ஐந்து யூனிபாரம். "இவ்வளவு வேகமாத் தேய்ச்சா நான் எப்படிங்க பிடிப்பேன்?"

இரண்டாவது வாரம் தாளில் இன்னொரு வரி அகப்பட்டது. பலவகைப் பொருளில் செய்து காட்டினால் மனத்தில் பதியுமாம். பீரோ காலியானது. ஜன்னல் திரை, தலையணை உறை, போன வருஷம் மூட்டை கட்டிய கம்பளி உறை எல்லாம் மேஜைக்கு வந்தன. மடிப்பு தேய்த்தார். மனைவி நாற்காலியில் சாய்ந்து, காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு கவனமாகக் கற்றாள். விஷயம் கேள்விப்பட்டு எதிர்வீட்டு அக்கா ஒரு மூட்டையோடு வந்தாள்.

"நானும் கத்துக்கலாமா தம்பி?"

"அக்கா, இது ஆபீஸ் விஷயம்..."

"உங்க அலாரம் மட்டும் என் வீட்டு விஷயமா?"

மடிப்பு மூட்டையைப் பிரித்தார்.

இருபத்தைந்தாம் நாள் மனிதர் உடைந்தே போய்விட்டார். "எனக்குப் பயமா இருக்குடி. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. அந்தப் பதவி போச்சுன்னா நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் மூணு மணிதான். உன்னையும் குழந்தையையும் எழுப்பி எழுப்பி எனக்கே அலுத்துப்போச்சு."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "சரி. மூணாவது படிக்கு வருவோம். பெட்டியை இப்படிக் குடுங்க."

ஒரு கைக்குட்டையை விரித்தாள். பெட்டியைக் குறுக்கே ஓட்டினாள். குறுக்கே! மடிப்புக்கு உள்ளங்கால் வரை அரித்தது.

"அய்யய்யோ! குடு இங்க!"

பிடுங்கிவிட்டார்.

"பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. "கல்யாணமான முதல் வாரம் ஞாபகமிருக்கா? நான் என் துணியைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். இதே மாதிரி 'குடு இங்க'ன்னு பிடுங்கினீங்க. அன்னிக்கு உங்க கைக்குப் போன பெட்டி, பதிமூணு வருஷமா திரும்பியே வரல."

மடிப்பு தலையைச் சொறிந்தார். அது உண்மைதான்.

"எனக்கு இஸ்திரி அப்புறம் சொல்லித் தரலாம். முதல்ல நீங்க உட்காருங்க. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வையுங்க. நான் என்ன பண்ணினாலும் எழுந்திருக்கக் கூடாது."

அந்த நாலு நாள் அவர் பட்ட பாட்டை அவரிடமே கேட்க வேண்டும். அவள் கோணல் கோணலாகத் தேய்ப்பாள். இவர் நாற்காலியில் நெளிவார். முதல் நாள் ஒரு நிமிஷம் தாங்கினார். இரண்டாம் நாள் மூன்று நிமிஷம். மூன்றாம் நாள் வாயிலிருந்து "குடு" மட்டும் வந்தது, "இங்க" வரவில்லை. கடைசி நாள் சாயங்காலம் அவருடைய ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்து விரித்தாள். மடிப்பு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கால் மணி நேரம். ஆள் அசையவில்லை.

"அவ்வளவுதான்" என்று சொல்லி மனைவி மளமளவென்று தாளைப் பூர்த்தி செய்தாள். "கீழே ஒரு கையெழுத்து. இங்க."

அவள் விரல் வைத்த இடத்தில் போட்டார். படித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். அவள் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் விடியுமுன் விளக்குப் போடாமல் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பத்து மணிக்குப் பயிற்சி அம்மா வந்தாள். மேனேஜர் அறையில் உறையைப் பிரித்தவள் உரக்கப் படித்தாள்.

"கற்ற வேலை: அடுத்தவர் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. கற்றுக்கொடுத்தவர்: மனைவி. கற்றுக்கொண்டவர்..." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா?"

மடிப்பு எட்டிப் பார்த்தார். கீழே இருந்தது அவர் கையெழுத்தேதான். போச்சு, எல்லாம் போச்சு!

"வாங்க, பார்த்துடலாம்" என்று அவள் இஸ்திரிப் பகுதிக்கு நடந்தாள். அங்கே புதிதாகச் சேர்ந்தவர் ஒருத்தர், முன்னாள் பஸ் டிரைவர், டாக்டர் கோட்டு தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை ஸ்டியரிங் மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினார். கோட்டில் ரோடு ரோடாகச் சுருக்கம். மடிப்புக்கு விரல் அரித்தது. கையைக் கட்டினார். இன்னும் இறுக்கிக் கட்டினார். ஐந்து நிமிஷம் போனது. டிரைவர் தானே நின்றார். கோட்டைப் பார்த்தார். தண்ணீர் தெளித்து, நேராக ஓட்டினார். சுருக்கம் போய்விட்டது.

"நானே பண்ணிட்டேன் சார்!" என்றார் டிரைவர், முகமெல்லாம் பல்லாக.

மடிப்புக்கு என்னவோ செய்தது. பதினாறு வருஷத்தில் இந்தச் சந்தோஷத்தை எத்தனை பேரிடமிருந்து பிடுங்கியிருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"பன்னெண்டு தாள் வந்திருக்கு. நிஜமா நடந்ததுன்னு நான் நம்பறது இது ஒண்ணைத்தான்" என்றாள் பயிற்சி அம்மா. மேனேஜர் கைகுலுக்கினார். திங்கள் முதல் ஒன்பது மணி. கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்த்து, "ஆமா, உங்க சட்டையைத் தேய்ச்சது யாரு? காலர் கத்தி மாதிரி நிக்குதே!" என்றாள்.

மடிப்பு அப்போதுதான் குனிந்து பார்த்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சுருக்கம்? ஊஹூம். இவர் தேய்த்ததைவிட ஒரு படி மேல்.

வீட்டுக்குப் பறந்தார். விஷயத்தைச் சொன்னதும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் அலாரத்தை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டு அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

எல்லாம் அடங்கியதும் மடிப்பு சட்டைக் கையை நீட்டிக் காட்டினார். "ஏய், நீ என்னைவிட நல்லாத் தேய்க்கிறே!"

"தேய்க்கத் தெரியாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? புரியலைன்னுதானே சொன்னேன்."

"சரி, போகட்டும். இப்பவாவது புரிஞ்சுதுன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமையிலேருந்து பெட்டி உன்கிட்ட."

மனைவி பீரோவைத் திறந்து ஒரு கை நிறையத் துணியை அள்ளி மேஜைமேல் வைத்தாள். காபி டம்ளரோடு தன் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் சரியாப் புரியலைங்க. இனிமேதான் தினமும் காலையில எட்டு மணி வரைக்கும் வீட்டுல இருப்பீங்களே, நிதானமா காலர்லேருந்து காட்டுங்க."