நிலாவுக்கு இரண்டாவது சாட்சி

“இன்னொருத்தரும் பார்த்திருக்கணுங்க. அப்பத்தான் பதிவுல ஏத்துவோம்” என்று சென்னை வானியல் மன்றத்துக்காரர் போனில் சொன்னதும், ஒரத்தநாடு உரக்கடை துரைராசு சாட்சிக்கு யாரைப் பிடிப்பது என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

வருடக்கணக்காகத் தொலைநோக்கியும் மொட்டைமாடியுமாகக் காத்திருந்தவர். நேற்று மாலைதான் பிறையின் இருட்டுப் பக்கத்தில் ஒரு பொறி தோன்றி அணைந்ததைக் கண்டார். நிலாவில் எப்போதாவது அப்படி ஒரு வெளிச்சம் தோன்றுமாம்.

“நெறம், எடம் எதையும் வெளிய சொல்லாதீங்க. தானா சொல்ற சாட்சிதான் செல்லும்” என்றும் மன்றத்துக்காரர் சொல்லியிருந்தார்.

மறுபடி தோன்றினாலும் தோன்றும் என்று, “நேத்து நிலாவுல ஒரு வெளிச்சம் பார்த்தேன், நீங்களும் வந்து பாருங்க” என அன்று மாலை தெருவையே மாடிக்கு அழைத்தார்.

முதலில் எதிர்வீட்டுக் கமலாம்பாள் ஒரு கண்ணை மூடித் தொலைநோக்கியில் குனிந்தார்.

“ஏதாவது தெரியுதாம்மா?”

“தெரியுதுப்பா.”

கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி காட்டும் ஐயரிடம் மாப்பிள்ளை சொல்கிற அதே ‘தெரியுது’. ஆசையாகக் கூப்பிட்ட மனிதனிடம் இல்லையென்று எப்படிச் சொல்வது?

“என்ன நெறம்?”

“பச்சை. அறுப்பு மிஷின் லைட்டாட்டம்.”

அடுத்துப் பார்த்த கோடிவீட்டு வைரக்கண்ணு மஞ்சள் என்றார். “எனக்கு ரெண்டு தெரிஞ்சுது தம்பி. ஒண்ண நீங்க வச்சுக்குங்க.”

நிலா மேகத்துக்குள் போன பிறகும் மூன்று பேர் பார்த்தார்கள். துரைராசுவுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

அவர் முகம் வாடியதைப் பொறுக்காமல், மச்சினன் ராஜ்குமார் எல்லோர் பெயரிலும் மன்றத்துக்குச் சாட்சி அனுப்பிவிட்டான். பச்சை ஆறு, மஞ்சள் நாலு, நீலம் ஒன்று.

மறுநாள் பதில் வந்தது. இனி ஒரத்தநாட்டிலிருந்து நிலாச் செய்தி எதுவும் ஏற்கப்படாது.

“உங்களுக்கு நல்லது செய்யத்தானே மாமா...”

“தெரியும்டா.”

திட்டவும் மனம் வரவில்லை. அத்தனை பேரும் அன்பாலேயே அவரைப் புதைத்திருந்தார்கள். தொலைநோக்கியை உரச்சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, “பெருவுடையாரே, போதும்” என்று கைகூப்பினார்.

அப்போது பக்கத்து வீட்டு ஹுமைரா நோன்புக்கஞ்சித் தூக்குடன் வந்தாள்.

“நேத்து நீ மட்டும் ஏம்மா மாடிக்கு வரல?”

“நான்தான் முந்தின நாளே பார்த்துட்டேனே அண்ணே. ரமலான் பிறை தேடி பைனாகுலர் வச்சிருந்தோம். கீழ்முனைக்குக் கொஞ்சம் மேல, கருப்புப் பக்கத்துல, செம்பருத்தி மொட்டாட்டம் ஒண்ணு. இமைக்கிறதுக்குள்ள போயிடுச்சு.”

தூக்கை வாங்கிய கை அப்படியே நின்றது. அவர் கண்ட அதே நிறம், அதே இடம்.

“ஏம்மா இத யார்கிட்டயும் சொல்லல?”

“இத்தன வருஷம் காத்துக்கெடந்தவரு நீங்க. பார்த்தது நீங்க ஒருத்தர் மட்டும்தான்னு இருக்கட்டுமேன்னுதான் அண்ணே.”