முட்டி டாக்டர் பக்கமும் என் வேலையும்

அன்பும் மதிப்பும் நிறைந்த அத்தானுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீங்களும் அக்காவும் உண்மையிலேயே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் சின்ன மகள், என்னைப் போலவே வெப்சைட்டில் எழுதிப் பராமரிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகவும், என் அபிப்பிராயம் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அத்தான். எப்படியாவது அவளை உட்கார வையுங்கள்.

ஏழு வருடம் ஒரு ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டவன் சொல்கிறேன். எக்ஸ்ரே அறைக்கும் துடைப்பம் வைக்கும் அறைக்கும் நடுவே என் நாற்காலி. எந்த டாக்டர், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுத வேண்டும், மாறினால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். யாரும் படிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தோல் நோய்ப் பக்கத்தில் 'இங்கே ஏதாவது எழுத வேண்டும்' என்று அடையாளத்துக்குப் போட்டு மறந்துவிட்டேன். அது நாலு மாதம் உலகத்துக்கே தெரிந்துகொண்டிருந்தது, ஒரு ஈ காக்கா கேட்கவில்லை, அந்தத் தோல் டாக்டரே கேட்கவில்லை. போன மாதம் முட்டி டாக்டர் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பக்கத்தை எடுக்கப் போனால் மேனேஜர் அம்மா, "எடுக்காதீங்க சார், வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். தலையாட்டினேன். ஆட்டிப் பழகிய தலை.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்தார். ரெண்டு பஸ் மாறி வந்து, பதினெட்டுப் படியையும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறி, நான் எழுதிய பக்கத்தை அச்செடுத்த தாளை என் மேஜையில் வைத்தார்.

"செவ்வாய் பத்து மணின்னு போட்டிருக்கே தம்பி, கீழ கேட்டா டாக்டரே இல்லங்கிறாங்க. இதை எழுதினது யாரு?"

என் எழுத்தைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏழு வருடம் ஏங்கியவன் நான். "தெரியலைங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எழுத்தெல்லாம் தெளிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபடி பக்கவாட்டில் இறங்கிப் போனார்.

பிறகு அந்தப் பக்கத்தில், 'இந்த மருத்துவர் இப்போது இங்கே இல்லை. வீணாக அலைய வேண்டாம்' என்று எழுதினேன். ஏழு வருடத்தில் யாரும் சொல்லாமல் நானாக எழுதியது அந்த இரண்டு வரிதான். மூன்றாம் நாள் மேனேஜர் அம்மா கூப்பிட்டு, "உங்களை யாரு சார் உண்மையெல்லாம் எழுதச் சொன்னா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். இப்போது வேலை இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பஸ் நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் களைப்பாகத் திரும்புகிறேன். அங்கே மாட்டியிருக்கும் நேர அட்டவணையில் மூன்று தப்பு இருக்கிறது. யாரிடம் சொல்ல?

அக்காவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு என் ஆசி; நான் கொடுத்தால் பலிக்குமோ என்னவோ, வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சின்னவள் போன் செய்தாள். "மாமா, வேலை கிடைச்சிடுச்சு! உங்க ஆஸ்பத்திரியிலதான், இன்னைக்கே சேர்ந்துட்டேன். நீங்க வேற இடத்துக்குப் போயிட்டீங்களாமே, சொல்லவே இல்ல?" பாஸ்வேர்டு கேட்டாள், கொடுத்தேன். "முட்டி டாக்டர் பக்கத்துல யாரோ ரெண்டு வரி எழுதி வெச்சிருக்காங்க மாமா. அதை எடுத்துட்டு, பழையபடி செவ்வாய் பத்து மணின்னு போடச் சொல்றாங்க. போட்டுடட்டுமா?" முதல் நாள், குரலில் அவ்வளவு சந்தோஷம். "போட்டுடும்மா" என்றேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள் அத்தான். நல்ல வேலைதான்.